ஸ்டேஷன் டைரியில் ஒரு வரி

1932, ஜனவரி 9, சனிக்கிழமை

காலை இட்லி ஐந்து, தேங்காய்ச் சட்னி. பதினொரு மணிக்கு நெஞ்செரிச்சல். மத்தியானம் புளிக்குழம்பு. மறுபடியும் நெஞ்செரிச்சல்.

இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். "ரைட்டரே, தின்னதையும் வயிறு பண்ணினதையும் ரெண்டு மாசத்துக்கு அன்னன்னைக்கு எழுதிப் பாரும். எது ஒத்துக்கிடலைன்னு அப்பதான் தெரியும்" என்றார். இருபத்து மூன்று வருஷமாகப் போலீஸில் எழுதியே தேய்ந்தவனுக்கு எழுத்தையே மருந்தாகக் கொடுக்கிறார் மனுஷர். செங்குளம்பேட்டை ஸ்டேஷனுக்கு ஏட்டும் நான்தான், ரைட்டரும் நான்தான். குத்தாலம் பிள்ளை என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது என் மனைவி ஆவுடைக்குக்கூட மறந்திருக்கும். ஸ்டேஷன் டைரியில் எழுதுவது சர்க்காருக்கு. அதில் ஒரு வரி ஏறிவிட்டால் அதுதான் நடந்தது; பிரம்மாவே வந்து சொன்னாலும் எடுபடாது. இந்த நோட்டு என் வயிற்றுக்கு மட்டும்.

வயிற்றைக் கெடுப்பது புளிக்குழம்பு இல்லை என்று எனக்கே தெரியும். காந்தியைப் பிடித்து உள்ளே போட்ட நாளிலிருந்து ஊர் கெட்டுக் கிடக்கிறது. பஜாரில் அனவரதம் பிள்ளை ஜவுளிக்கடை வாசலில் சீமைத்துணி வாங்காதே என்று மறியல். மறியல் செய்தால் ஆறு மாதம் என்று அவசரச் சட்டம். வாங்குகிறவன் வாங்கட்டும், வேண்டாதவன் கதரைக் கட்டிக்கொண்டு கோமாளி மாதிரி போகட்டும், நடுவில் நான் ஏன் சாக வேண்டும்?

இன்று மறியல்காரர்களிடமிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு கடுதாசி வந்தது. சொன்னால் யாராவது நம்புவார்களா? "திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அடியிற்கண்ட ஐவர் மறியல் செய்வார்கள். தங்கள் வசதிக்காகத் தெரிவித்துக்கொள்கிறோம்." அடியில் ஐந்து பேருடைய பெயர், தகப்பன் பெயர், வயது, அங்க அடையாளம். இடது புருவத்தில் தழும்பு, வலது காதில் மச்சம் என்று கைதுப் படிவத்துக்கு நான் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியதையெல்லாம் அவர்களே எழுதி அனுப்பிவிட்டார்கள். கன்னம் வைக்க வருகிறேன், கதவருகே விளக்கு வையுங்கள் என்று திருடன் எழுதுகிற மாதிரி இருக்கிறது. கீழே கையொப்பம் மரகதவல்லி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து போன மாதம் வேலையை விட்டவள். எழுத்து அச்சுக் கோத்த மாதிரி. என் எழுத்தைவிட நன்றாக இருப்பதில் எனக்கு எரிச்சல்.

ஜனவரி 11, திங்கள்

எட்டு மணி என்றால் எட்டு மணிக்கே வந்தார்கள். ஆனால் நாலு பேர். ஐந்தாவது ஆளுக்குக் காய்ச்சலாம். மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி: "குணமானதும் வியாழக்கிழமை ஆஜராவார்."

கான்ஸ்டபிள் பிச்சைக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நம்ம ஆளுகளே லீவுக்கு இப்படி எழுதிக் குடுக்கதில்லையே ஏட்டையா!"

நாலு பேருக்கும் ஆறு மாதம். மாஜிஸ்திரேட் கேட்டார், நாலு பேரும் "ஆமாம், செய்தோம்" என்றார்கள். வக்கீல் கிடையாது, எதிர்க்கேள்வி கிடையாது. வெள்ளைக்காரன் கோர்ட்டில் வழக்காடுவதில்லை என்று விரதமாம். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. இப்படி எல்லாக் கேஸும் அமைந்தால் நான் ஏன் வைத்தியரிடம் போகிறேன்?

ஜனவரி 14, வியாழன்

பொங்கல். காய்ச்சல்காரன் சொன்னபடியே வந்து நின்றான். வயிறு பரவாயில்லை.

ஜனவரி 19, செவ்வாய்

காலை பழையது, மத்தியானம் ஒன்றும் இல்லை. சாப்பிட நேரம் எங்கே?

திருநெல்வேலியிலிருந்து போலீஸ் பெரிய துரை வந்து, சப்-இன்ஸ்பெக்டர் ரங்கராஜுலுவைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் கிழித்துவிட்டுப் போனார். ஐந்து பேரைப் பிடித்தால் மறுநாள் ஐந்து பேர் வருகிறார்கள். ஜெயிலில் கால் நீட்ட இடம் இல்லை. அனவரதம் பிள்ளை கடையில் கூட்டமும் குறைந்துவிட்டது. இவர்களைத் தாண்டிப் போய்த் துணி வாங்க ஜனங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதாம்.

துரை போன பிறகு சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். முகம் செத்துப் போயிருந்தது. "ரைட்டரே, இனிமே அரெஸ்ட் கிடையாது. அடிதான். அடிச்சாத் திருப்பி எவனாவது ஒருத்தன் கையத் தூக்குவான். ஒரே ஒருத்தன் தூக்கினாப் போதும், கலகம்னு எழுதி ஒரே நாள்ல இதை முடிச்சுப்புடலாம். துப்பாக்கிக்கே ஆர்டர் இருக்கு."

"தூக்கலைன்னா சார்?" என்று கேட்டேன்.

"மனுசன்தானேவே அவனும்?" என்றார்.

நியாயம்தான். எனக்கே யாராவது காலை மிதித்தால் பொறுக்காது.

ஜனவரி 23, சனி

நேற்றும் முந்தாநாளும் பஜாரில் அடி விழுந்தது, ஒருத்தனும் கை தூக்கவில்லை. இன்றைய கடுதாசியைப் படித்துவிட்டு ஸ்டேஷனே அதிரச் சிரித்தேன். வயிறு குலுங்கி வலி வந்ததுதான் மிச்சம்.

பட்டியலில் மூன்றாவது பெயர் கருத்தப்பாண்டி. சந்தையில் மூட்டை தூக்குகிறவன். அடையாளம்: "மூக்குத் தண்டு உடைந்து கோணல்." அந்த மூக்கை உடைத்தது 1927 ஆனிமாதக் கோயில் கொடையில் நடந்த சண்டை. உடைத்தவனுக்கு மூன்று பல் போயிற்று. கருத்தப்பாண்டிக்கென்று என் ரிஜிஸ்டரில் தனிப் பக்கம் இருக்கிறது, பதினோரு அடிதடி. பத்து வருஷத்தில் இந்த ஸ்டேஷனில் அவன் என் கையால் வாங்காத அடி இல்லை. ஒரு தடவை லாக்கப்பில் என் தடியையே பிடுங்கி ஒடித்தான். தொட்டால் வெட்டுகிற ஜாதி. இவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் போகிறானாம்!

சப்-இன்ஸ்பெக்டர் கடுதாசியை இரண்டு தரம் படித்தார். "இவன் போதும்வே நமக்கு" என்றார். மத்தியானம் காபி வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். நெஞ்செரிச்சல்.

ஜனவரி 25, திங்கள்

பஜாரில் திருவிழாக் கூட்டம். மறியலைப் பார்க்க வந்தவர்கள் இல்லை, கருத்தப்பாண்டியைப் பார்க்க வந்தவர்கள். எங்கள் ஆட்களே பந்தயம் கட்டியிருந்தார்கள். முதல் அடியிலேயே திருப்பிக் கொடுப்பான் என்று பிச்சைக்கண்ணு.

சப்-இன்ஸ்பெக்டர் நேரே போய் அவன் கன்னத்தில் ஒன்று விட்டார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவன் கண் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டி, ஒரு கையால் மறுகையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். பின்னால் நின்ற எனக்குத்தான் தெரிந்தது, பிடித்த பிடியில் விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிற்று.  கை வரவில்லை.

இன்னொரு அறை. அம்மாவைச் சொல்லி ஒரு வசவு. கை வரவில்லை.

துணி வாங்க வந்த இரண்டு பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். வயிறு சொல்லத் தரமில்லை.

ஜனவரி 26, செவ்வாய்

மத்தியானம் ஸ்டேஷன் பக்கமாக மூட்டையோடு போனவனைக் கூப்பிட்டேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏலே, என்னலே வேசம் இது? எவன்லே ஒனக்கு மந்திரம் போட்டது?"

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வாசல்படிக்குக் கீழே நின்றான். "மந்திரமெல்லாம் ஒண்ணுமில்ல ஏட்டையா. அடிக்கது எப்படின்னு எனக்குத் தெரியும். அடி வாங்கிட்டு ஓடிப் போகதும் தெரியும். இவுக அடி வாங்கிட்டு அங்கனயே நிக்காக. மறுநாளும் வாராக. இதுல என்னமோ இருக்குன்னு பாக்க வந்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"செரமமாத்தான் இருக்கு" என்றான். "நேத்து எசமான் எங்கம்மையச் சொன்னப்போ போயிருச்சு, எல்லாம் போயிருச்சுன்னு நெனச்சேன். எப்படியோ நின்னுட்டேன்."

கன்னம் வீங்கி, பேச்சு ஒரு பக்கமாக வந்தது. "போலே, போ" என்று விரட்டிவிட்டேன்.

பிப்ரவரி 2, செவ்வாய்

ஒரு வாரத்தில் மூன்று நாள் அடித்தாகிவிட்டது. ஒருத்தனும் கை ஓங்கவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அம்மி நகரவில்லை, அடிக்கிறவன் கைதான் அசந்து போகிறது. இரண்டு கான்ஸ்டபிள்கள் வயிற்றுப்போக்கு என்று லீவு கேட்டார்கள். வயிற்றுப்போக்கு எனக்குத்தான், அவர்களுக்கு இல்லை. எனக்குத் தெரியாதா?

துரையிடமிருந்து தந்தி. சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம்கூட எரிந்து விழுகிறார். இந்த வாரத்துக்குள் முடிக்காவிட்டால் அவருடைய தொப்பி போய்விடும் போலிருக்கிறது.

பிப்ரவரி 6, சனி

பஜாரில் தடியடி நடந்தது. கான்ஸ்டபிள்கள் கடமையைச் செய்தார்கள். கருத்தப்பாண்டிக்கு வலது தோள் எலும்பு முறிந்தது. அவன் கை ஓங்கவில்லை. பிச்சைக்கண்ணு கடைப்படியில் வழுக்கி விழுந்து நெற்றியில் காயம்.

வலது மணிக்கட்டு வலிக்கிறது. நாளெல்லாம் எழுதினால் வலிக்காமல் என்ன செய்யும்?

ஆவுடை முருங்கைக்காய் வாங்கக் காலையில் பஜாருக்குப் போயிருந்தாளாம். வீட்டில் முருங்கைக்காய் இல்லை. கேட்டேன். சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பிப்ரவரி 7, ஞாயிறு

கஞ்சி மட்டும்.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் டைரியை என் முன்னால் திறந்து வைத்தார். பிச்சைக்கண்ணு நெற்றியில் கட்டோடு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தான்.

"எழுதும்வே. காலை எட்டே முக்காலுக்குக் கூட்டத்திலிருந்து கருத்தப்பாண்டி கல்லை எறிந்ததில் கான்ஸ்டபிளுக்கு நெற்றியில் ரத்தக்காயம். அதன் பிறகே தற்காப்புக்காகத் தடியடி."

"வழுக்கி விழுந்தான்லா சார்?" என்றேன்.

"யாருவே வழுக்கி விழுந்தது?" என்று பிச்சைக்கண்ணுவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். "அவன் கையத் தூக்கலைன்னா நாம தூக்க வச்சுக்க வேண்டியதுதான். ஒமக்குப் பென்ஷனுக்கு எத்தனை வருசம்?"

"ரெண்டு சார்."

"எழுதும்."

எழுதினேன். ஒரே ஒரு வரி. எழுத்து நன்றாகத்தான் வந்தது. மறியலுக்கு ஆறு மாதம். கல்லெறிந்து போலீஸ்காரன் மண்டையை உடைத்ததற்கு, மாஜிஸ்திரேட் மேலே செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டால், ஏழு வருஷம். ஏழு வருஷம்! அவனுடைய மூத்த பெண் சமைந்து கல்யாணத்துக்கு நிற்கும் அதற்குள். இவர்கள் வக்கீல் வைக்க மாட்டார்கள், சாட்சியைக் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் எழுதினதுதான் நடந்தது.

ஆவுடை இன்றும் பேசவில்லை. சாயங்காலம் எண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து, "கையக் காட்டுங்க" என்றாள். மணிக்கட்டில் தேய்த்துவிட்டாள். கையை விடாமல் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தடி பிடித்த இடத்தில் காய்த்திருந்த தோல் உரிந்திருந்தது. "இது பேனா பிடிச்சதுல வந்துதாக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிப்ரவரி 10, புதன்

கேஸ் திங்கட்கிழமை. சாப்பாடு இறங்கவில்லை.

சந்தைக்குப் போகிற சாக்கில் மரகதவல்லி வீட்டுக்குப் போனேன். யூனிபாரம் இல்லாமல். முற்றத்தில் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காரப் பலகை போட்டாள். முப்பது வயதுகூட இருக்காது. போன வாரம் பட்ட அடியில் ஒரு கால் நொண்டல்.

"கருத்தப்பாண்டிக்கு ஒரு வக்கீல் வச்சா என்னம்மா? கேஸு கொஞ்சம் பெரிசு" என்றேன்.

"நாங்க வைக்கதில்லைன்னு உங்களுக்குத் தெரியும்லா, ரைட்டரய்யா. செஞ்சதை ஒத்துக்கிடுவோம். தண்டனையை வாங்கிக்கிடுவோம்."

"செய்யாததைச் செஞ்சான்னு யாராவது எழுதியிருந்தா?"

ராட்டையை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எழுதுகது நீங்கதானே? இந்த மூணு வாரத்துல அடி வாங்கினவங்க பேரை ஒண்ணு விடாம எழுதியிருக்கீங்கன்னு உங்க கான்ஸ்டபிள்களே சொன்னாங்க. நீங்க எழுதினா அது சரியாத்தான் இருக்கும்."

என் வாயில் வந்தது எல்லாம் வசவுதான். "எனக்குச் சோலி கெடக்கு" என்று எழுந்து வந்துவிட்டேன். செருப்பைக்கூட மாற்றி மாட்டிக்கொண்டு வந்தேன். இந்த அம்மாளுக்கு உலகத்தில் எதன் மேல்தான் சந்தேகம் வரும்? கெட்டிக்காரி என்று நினைத்தேன், இத்தனை பேதையா?

பிப்ரவரி 12, வெள்ளி

ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற சப்-ஜெயிலுக்குப் போனேன். கருத்தப்பாண்டி வலது கையை வேட்டிக் கிழிசலில் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது கையை ஊன்றி எழுந்து நிற்கப் பார்த்தான். "இரிலே, இரி" என்றேன்.

"திங்கக்கிழமை கோர்ட்டுல கேப்பாக. நல்லாக் காதுல வாங்கிக்கிட்டுப் பதில் சொல்லணும். என்ன கேக்காகளோ அதுக்கு மட்டும். நடக்கலைன்னா இல்லைன்னு சொல்லணும்."

சிரித்தான். பல் எல்லாம் தெரிய, சின்னப் பிள்ளை மாதிரி. "இதென்ன புதுச் சோதனையா ஏட்டையா? அடிச்சுப் பாத்தீக, வஞ்சு பாத்தீக. இப்ப இல்லைன்னு சொல்லச் சொல்லுதீக. எதையும் மறைக்கப்படாது, எசமான் கேட்டா ஆமான்னு சொல்லிறணும்னு டீச்சரம்மா சொல்லியிருக்காக. நான் சொல்லிருவேன்."

"அட மடையா, எல்லாத்துக்கும் ஆமாவா?"

"இம்புட்டு தூரம் வந்தாச்சு. இதுல தவறமாட்டேன்."

கல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ கல்லெறிந்தாய் என்று எழுதியிருக்கிறது, எழுதினது நான் என்று. வாய்வரை வந்தது. வார்டர் பின்னால் நின்றான். வார்டர் நின்றதனால்தான் சொல்லவில்லை என்று எழுதப் போனேன். இல்லை. வார்டர் பீடி பற்றவைக்க வெளியே போனபோதும் நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, திங்கள்

காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. இப்போது மணி ஐந்து. இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோர்ட்டில் இடமில்லாமல் ஜனம் ஜன்னலில் தொங்கியது. மரகதவல்லி கடைசி வரிசையில் நின்றாள். சப்-இன்ஸ்பெக்டர் முதலில் கூண்டேறிச் சொன்னார்: கல், ரத்தம், தற்காப்பு. பிச்சைக்கண்ணு நெற்றிக் கட்டைக் காட்டிவிட்டு இறங்கினான். எதிரிக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் மாஜிஸ்திரேட். "இல்ல எசமான்" என்றான் கருத்தப்பாண்டி. குமாஸ்தா குற்றத்தை இங்கிலீஷில் படித்தான். மறியல், தடையை மீறியது, கல்லெறிந்தது எல்லாம் ஒரே மூச்சில், மூட்டையாகக் கட்டின மாதிரி. பிறகு தமிழில் ஒரே வரி: "இதெல்லாம் செய்தாயா?"

கருத்தப்பாண்டி நெஞ்சை நிமிர்த்தினான். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. "ஆமா எசமான். எல்லாம் செஞ்சேன். சட்டத்துல எவ்வளவு தண்டனை இருக்கோ அவ்வளவையும் குடுங்க."

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். கடைசி வரிசையில் மரகதவல்லி "ஐயோ" என்றாள், எனக்குக் கேட்டது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியும்.

அடுத்த சாட்சி நான். எதிரி ஒத்துக்கொண்டாலும் ஸ்டேஷன் டைரியை நிரூபிக்க வேண்டியது. கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணினேன். எத்தனை நூறு தடவை பண்ணின சத்தியம்! வெற்றிலைச் சாறு துப்புகிற மாதிரி வாயிலிருந்து வரும். இன்று ஒவ்வொரு வார்த்தையாக எண்ணி எண்ணிச் சொன்னேன்.

"ரைட்டர், இது உம்முடைய எழுத்துதானே?"

"ஆமாம் எசமான்."

"இதில் கண்டது சரிதானே?"

சரி என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். கருத்தப்பாண்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோதனையில் ஜெயித்தேனா ஏட்டையா என்று கேட்கிற பார்வை. நாசமாய்ப் போகிறவன், சந்தோஷமாக இருந்தான்.

"இல்லை எசமான்" என்றேன்.  "அவன் கல்லெறியவில்லை. கான்ஸ்டபிள் படியில் வழுக்கி விழுந்தான். ஒருவரும் கல்லெறியவில்லை. அந்த வரி பொய்."

 மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "யார் எழுதச் சொன்னது?"

சப்-இன்ஸ்பெக்டர் முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை. பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "எழுதினது நான் எசமான்" என்றுதான் வந்தது.

"அப்படியானால் எதிரிக்குத் தோள் முறிந்தது எப்படி? கூட்டத்தை அடக்கும்போதா?"

"கூட்டம் எங்கே எசமான், ஐந்து பேர் நின்றார்கள். முறித்தது நான். இரண்டு வாரமாக இவர்கள் ஒருத்தரும் கை ஓங்கவில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கான்ஸ்டபிள் கையிலிருந்து தடியைப் பிடுங்கி நானே அடித்தேன். ஓங்குலே, ஒரு தடவை ஓங்குலே என்று கத்திக்கொண்டே அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் ஓங்கவில்லை."

ஆறாம் தேதியன்று இந்த நோட்டில் எழுதாமல் விட்டது இதுதான். ஸ்டேஷன் டைரியில்தான் பொய் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதிலும் எழுதியிருக்கிறேன். இதைப் படிக்க என்னைத் தவிர ஆள் இல்லை, என்னையே ஏமாற்றி என்ன பிரயோஜனம்?

மாஜிஸ்திரேட் வெகு நேரம் எழுதினார். கல்லெறிந்த குற்றம் தள்ளுபடி. மறியலுக்கு ஆறு மாதம். என் பேரில் தனி ரிப்போர்ட். கருத்தப்பாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன நடந்தது என்று வார்டரிடம் கேட்டுக்கொண்டே போனான்.

பிப்ரவரி 17, புதன்

சஸ்பெண்ட் ஆர்டர் வந்துவிட்டது. பொய் ரிக்கார்டு எழுதியதற்குக் கேஸும் வருமாம். ஏழு நாளில் போலீஸ் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆவுடை பித்தளைப் பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறாள். பதினோரு நாளுக்குப் பிறகு பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "அந்த அம்மிய விட்டுட்டுப் போவோமா? யாரு தூக்குவா?" என்று நூறு கேள்வி. என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். மத்தியானம் எனக்குப் பிடித்த பருப்புத் துவையல் அரைத்தாள்.

சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்: "ஏன்வே என் பேரைச் சொல்லல?"

"தெரியல சார்" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

தண்ணீர் கேட்டார். ஆவுடை செம்பில் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார். இன்று காலை பஜாரில் ஐந்து பேர் மறியலுக்கு நின்றார்களாம்; தடியைக் கக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒருத்தர் மேலும் கை வைக்காமல் அழைத்துப் போனாராம். பிச்சைக்கண்ணு வந்து சொன்னான். நாளைக்கு என்ன செய்வாரோ, அது அவருக்கே தெரியாது.

"அப்ப அவுக ஜெயிச்சுட்டாகளா?" என்று கேட்டாள் ஆவுடை.

"எங்கட்டு ஜெயிச்சாக? அனவரதம் பிள்ளை கடை தெறந்துதான் கெடக்கு. வெள்ளைக்காரனும் இருக்கான். எனக்குத்தான் வேலை போச்சு" என்று எரிந்து விழுந்தேன்.

"அந்தக் கடையத் தெறந்து வைக்கதுக்குத் தெனம் பதினஞ்சு போலீசு நிக்கணும்லா. இப்ப பதினாலு" என்றாள், பானையைக் கட்டிக்கொண்டே. கணக்கில் அவள் எப்போதும் கெட்டிதான்.

பிப்ரவரி 20, சனி

காலை இட்லி மூன்று. நெஞ்செரிச்சல் இல்லை. ஆனால் இருப்புக் கொள்ளவில்லை.

கருத்தப்பாண்டியைப் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். இருபத்து மூன்று வருஷத்தில் யூனிபாரம் இல்லாமல் ஒரு கைதியைப் பார்க்கப் போனது இதுதான் முதல் தடவை. தள்ளியே நின்றேன். பிச்சைக்கண்ணுதான் காவல், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். கருத்தப்பாண்டி என்னைப் பார்த்துவிட்டான். இடது கையை விலங்கோடு ஆட்டிக் கூப்பிட்டான்.

கிட்டே போனேன். அடிபட்டபோதெல்லாம் கலங்காத கண் கலங்கியிருந்தது. "ஒங்க சர்வீசு போச்சாமே ஏட்டையா. இன்னும் ரெண்டு வருசந்தானாமே. என்னாலதானே..." என்று ஆரம்பித்தவன் ஓவென்று அழுதுவிட்டான். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. தோள் வலித்திருக்கும்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அழாதலே! எதுக்குலே எனக்காக அழுத? ஒன் எலும்ப ஒடச்சவன்லே நான்!"

"அது பரவால்ல ஏட்டையா" என்றான், மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு. "அது ஆறிரும்."

பஸ் கிளம்பிவிட்டது. புழுதி அடங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். பரவாயில்லையாம். பத்து வருஷமாக அடித்த அடிக்கும் சேர்த்து அந்த இடது கையால் ஒரே ஒரு அறை விட்டிருந்தானானால், நான் நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருப்பேன்.